ஏடு காணாமப் போச்சா? டைம் டிராவல் ரிப்பேர் பாக்குறவங்களுக்கு அறிகுறி வாரியா ஒரு கைடு

இந்த வேலைக்கு வந்து எத்தன ட்ரிப் அடிச்சேன்னு எனக்கே கணக்கு இல்ல, போறது 12-ம் நூற்றாண்டு, திரும்பி வர்றது நேத்து சாயங்காலம்னு இருந்தா எங்கேருந்து கணக்கு வைக்கிறது. ஆனா ஒண்ணு தெரியும், வர்ற கம்ப்ளைன்ட் எல்லாம் அதே அஞ்சாறுதான். "அண்ணே புறநானூறுல பாட்டு காணோம்ணே", "அண்ணே நான் படிச்ச புத்தகத்த யாருமே கேள்விப்பட்டதில்லங்குறாங்கண்ணே". புதுசா சேர்ற பசங்க அடுத்த வாயில கேக்குறது "வில்லன் யாருண்ணே". பழைய இலக்கியத்த வரலாத்துலேருந்து அழிச்சுட்டுத் திரியிற கோஷ்டி ஒண்ணு இருக்குறது நெஜம்தான், நாங்க அவனுங்கள ரப்பர்னு கூப்பிடுவோம், ஆனா நான் போன கேஸ்ல முக்காவாசி ரப்பர் கைவரிசையே கெடையாது. கரையான், மத்தியானத் தூக்கம், ஆத்துத் தண்ணி, அப்புறம் "இத இப்ப யாரு படிக்கிறா"ங்குற ஒரே ஒரு வார்த்தை. இந்த நாலும் பண்ண சேதத்துல பாதிகூட ரப்பர் பண்ணல.

அதனால கீழ ஒவ்வொரு அறிகுறிக்கும் சில்லற காரணத்துலேருந்து பெரிய காரணத்துக்குப் போயிருக்கேன். காலம் தாண்டிப் போற வண்டிய எடுக்குறது எப்பவும் கடைசிதான்.

வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி: அது முன்னாடியே இல்லாததா?

இத செய்யாமக் கெளம்புனவங்கதான் அதிகம், அதான் முதல்ல வெச்சேன். சில ஓட்டைங்க ஃபேக்டரி செட்டிங். புறநானூறு 400 பாட்டுல 267-ம் 268-ம் கெடையாது. ஐங்குறுநூறு 500-ல 129, 130 இல்ல. பதிற்றுப்பத்துல முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்ல, கையில இருக்குறது எட்டுப் பத்துதான். பரிபாடல் 70-ன்னு சொல்றது, முழுசா கெடச்சது 22. பெருங்கதைக்குத் தலையும் இல்ல வாலும் இல்ல. வளையாபதியில 72 பாட்டு, குண்டலகேசியில 19, அவ்ளோதான்.

இதெல்லாம் பாத்து கைய அரிக்கும், தெரியும். எங்க கூட இருந்த பையன் ஒருத்தன் 267-அ கண்டுபிடிக்கிறேன்னு போய் மூணு ராத்திரி ஒரு பாணர் கூட்டத்தோட சுத்தி, யாழ் தூக்கி, கள்ளுக் குடிச்சு, பாட்டு ஒண்ணும் கெடைக்காம திரும்பி வந்தான், கேட்டா "அனுபவம்ணே"ன்னான். பெட்ரோல் அவன் அப்பன் வீட்டு காசா.

தேவாரக் கதையும் இதேதான். ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லையில அறையத் திறந்து பாத்தா ஏட்ட புத்து மூடியிருந்துச்சு, இந்தக் காலத்துக்கு வேண்டியத மட்டும் வெச்சுட்டு மிச்சத்த மண்ணு மூட விட்டோம்னு அசரீரி கேட்டுச்சுன்னு திருமுறை கண்ட புராணத்துல வருது. அந்தக் குரல் நம்ம ஆபீஸ் ஆளாண்ணு பல பேர் எங்கிட்ட கேட்டுட்டாங்க. இல்ல. இருந்திருந்தா டிராவல் பில்லு வந்திருக்கும்.

அறிகுறி 1: ஒண்ணு ரெண்டு பாட்டு காணோம், மத்ததெல்லாம் அப்படியே இருக்கு

முதல்ல எந்தப் பதிப்பு, யார் உரைன்னு பாருங்க. குறள் வரிசை பரிமேலழகர்ல ஒரு மாதிரி இருக்கும், மணக்குடவர்ல வேற மாதிரி இருக்கும். இருந்த எடத்துல காணோம்னா அதே அதிகாரத்துல நாலு குறள் தள்ளித் தேடுங்க. தொல்காப்பியத்துல ஒவ்வொரு உரைக்காரரும் நூற்பாவப் பிரிக்கிறதே வேற வேற, மொத்த எண்ணிக்கையே மாறும். இதுல பாதி கம்ப்ளைன்ட் முடிஞ்சிரும்.

அடுத்து, கம்ப்யூட்டர்ல படிக்கிறீங்களான்னு பாருங்க. யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு ஃபான்ட் வெச்சு டைப் பண்ண காலத்து ஃபைல்னா கட்டம் கட்டமா, கேள்விக்குறியா தெரியும். அது அழியல, ஃபான்ட மாத்துனா வந்துரும். இதுக்குப் போயி ஒருத்தர் என்ன ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புனாரு.

இன்னமும் காணோம்னா நூலே வெச்சிருக்குற பூட்டச் சோதிங்க. நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்க, பல நூலுக்குள்ளயே செக்கிங் வெச்சுட்டுப் போயிருக்காங்க.

அகநானூறா இருந்தா எண்ணப் பாருங்க. ஒத்தப்பட எண் எல்லாம் பாலை. 2, 8-ல முடியிறது குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20-ன்னு போறது நெய்தல். அதாவது 6-ல முடியிற பாட்டுன்னா தலைவன் பரத்தை வீட்டுலேருந்து திரும்பி வந்து வாசல்ல திட்டு வாங்குற வகையறாவா இருக்கணும். அந்த எடத்துல ஒருத்தன் பொருள் தேட வெயில்ல காடு தாண்டிப் போயிட்டிருந்தா எங்கயோ ஒண்ணு உருவிட்டாங்க, மேலேருந்து கீழ வரைக்கும் நகந்துருக்கு. எந்த எண்ணுலேருந்து கோணுதோ அங்கதான் ஓட்டை.

சம்பந்தர் பதிகம்னா பெரும்பாலும் எட்டாவது பாட்டுல ராவணன் மலையத் தூக்கி நசுங்கணும், ஒம்பதுல திருமாலும் பிரமனும் அடிமுடி தேடணும், பத்துல சமணர் பௌத்தரத் திட்டணும், கடைசியில தன் பேரச் சொல்லி முடிக்கணும். ராவணன் ஏழாவதுலயே வந்து நின்னா அவனுக்கு முன்னாடி ஒருத்தன் காணோம்.

அந்தாதின்னா இன்னும் சுலபம், முடிஞ்ச சொல்லு அடுத்த பாட்டுல ஆரம்பிக்கலன்னா நடுவுல கண்ணி அறுந்துருக்கு. அற்புதத் திருவந்தாதி 101 பாட்டையும் நான் ஒரு பஸ் பயணத்துல விரல் விட்டு சரி பாத்துருக்கேன். ரப்பர் ஆளுங்க அந்தாதிப் பக்கம் ரொம்ப வர்றதில்ல, அழிக்கத் தெரிஞ்ச அளவுக்கு அவனுங்களுக்கு யாப்பு தெரியாது, ஒட்டுப் போட வராது.

ஓட்டை உறுதி ஆச்சுன்னா ஏட்டப் பாக்கப் போகணும், சேதம் எந்த வகைன்னு ஏடே சொல்லும். அடுத்தடுத்த ஏட்டுல அதே எடத்துல துளை இருந்தா ராமபாணப் பூச்சி. பழைய நூல்களப் பதிப்பிச்ச தாமோதரம் பிள்ளை 1887-ல கலித்தொகைய அச்சுல கொண்டாந்தப்ப பூச்சி கலப்பை ஓட்டி உழுது வெச்சிருக்குன்னு பதிப்புரையில புலம்பியிருப்பாரு, அந்த மாதிரி. ஏட்டு எண் தாவுதுன்னா அந்த ஒரு ஏடு கட்டுலேருந்து உருவி விழுந்துருக்கு, பரண்ல, பெட்டியடியில தேடுங்க. எண்ணும் தாவல, துளையும் இல்ல, ஆனா பாட்டு இல்லைன்னா படியெடுத்தவர் தாண்டிட்டாரு.

இந்தத் தாண்டுறதுதான் நான் அதிகம் சரி பண்ணது. ஒருநாள் முழுக்க ஒரு திண்ணையில படியெடுக்கிறவர் பக்கத்துல உக்காந்து பாத்தாத்தான் புரியும். எழுத்தாணி நகராது, ஏடுதான் நகரும். இடது கட்டவெரல் நகத்துல சின்னதா ஒரு வெட்டு வெச்சிருப்பாரு, எழுத்தாணி அதுல சாஞ்சு நிக்கும், கிர்ர்னு ஒரே சீரா சத்தம் வரும். எழுதுறது கண்ணுக்கே தெரியாது, வெறும் கீறல், பின்னாடி கரியும் பச்சிலைச் சாறும் தடவித் தொடச்சாத்தான் எழுத்து கறுப்பாத் தெரியும். அதாவது தன் தப்ப அவரே அப்பப் பாக்க முடியாது. சாப்பிட்டு வந்த உடனே, ரெண்டு பாட்டு ஒரே சொல்லுல ஆரம்பிக்கிற எடமாப் பாத்து, கண்ணு மேல உள்ள ஏட்டுலேருந்து கீழ உள்ளதுக்கு வழுக்கிடும். நடுவுல ஒரு பாட்டு போச்சு, அடுத்த 300 வருசத்துக்கு எல்லாப் பிரதியிலயும் போச்சு. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க.

இதுக்கு மருந்து ஒரு இருமல். அவ்வளவுதான். சரியா அந்த எடத்துல லேசா இருமுனா அவரு நிமிந்து பாத்துட்டு மறுபடி மூலத்துல எடத்தத் தேடுவாரு, தேடும்போது சரியான பாட்டுல வந்து நிப்பாரு. நம்ம கையில இருக்குற டூல்லயே சீப்பானது. ஆனா தும்மாதீங்க. எங்க பையன் இருமலுக்குப் பதிலா தும்மிட்டான், அபசகுனம்னு அந்தப் பெரியவர் எழுத்தாணிய மடக்கி உள்ள வெச்சுட்டு அடுத்த நல்ல நாள் பாத்துதான் எழுதுவேன்னுட்டாரு. அதுக்குள்ள மழ வந்து, மூலப் பிரதி ஈரமாகி, ஒரு பாட்டுக்குப் போன ட்ரிப்பு பதினோரு பாட்டுல வந்து நின்னுச்சு.

சீனியரக் கூப்பிட வேண்டிய கட்டம்: நாலு ஊர்ப் பிரதியிலயும் அதே பாட்டு இல்ல, உரைக்காரரும் அந்தப் பாட்டத் தொடாம சுத்தமாத் தாண்டிப் போறாரு, எண்ணும் ஒட்டிப் போயிருக்கு. அது இயற்கை இல்ல. கைய வைக்காதீங்க.

அறிகுறி 2: பாட்டு இருக்கு, படிச்சா அர்த்தம் கோணலா இருக்கு

பெரும்பாலும் புள்ளிதான். ஓலையில மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க, எழுத்தாணியால குத்துனா ஓலை கிழிஞ்சிரும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இருக்காது, ரகரமும் காலும் ஒரே மாதிரி நிக்கும். சரபம்னு எழுதுனது சாபம்னு படும், சாபம்னு எழுதுனது சரபம்னு படும். சிங்கத்தையே அடிக்கிற எட்டுக் கால் மிருகம் ஒரு கோட்டுல சாபம் ஆயிரும். இதுக்கு வண்டி வேணாம், வேற பிரதி, வேற உரை, எதுகை மோனை இடிக்குதான்னு ஒரு பார்வை, போதும்.

இதுல நம்ம ஆளுங்களே கெடுத்த கேஸ் உண்டு. 16-ம் நூற்றாண்டு ஏட்ட சரி பண்ணித் தர்றேன்னு போன ஒருத்தன் எல்லா மெய்க்கும் அழகாப் புள்ளி குத்தி, போதாததுக்கு ஏகாரத்துக்கு ரெட்டச் சுழிக் கொம்பும் போட்டு வெச்சுட்டு வந்துட்டான். அந்தக் கொம்பு வீரமாமுனிவர் 18-ம் நூற்றாண்டுல வந்து மாத்துனது. அடுத்துப் படியெடுத்தவர் புள்ளியப் பூச்சித் துளைன்னு நெனச்சாரு, கொம்பப் பாத்து வேற ஏதோ எழுத்துன்னு நெனச்சாரு. ஓலையத் தொடப்போறீங்கன்னா எந்தக் காலம், எந்த எழுத்துன்னு பாத்துட்டுத் தொடுங்க, பாண்டிய நாட்டுப் பக்கம் ரொம்பப் பின்னாடி போனா வட்டெழுத்து, இன்னும் பின்னாடி போனா தமிழி, அதாவது தமிழ் பிராமி. இப்ப எழுதுற எழுத்த அங்க காட்டுனா உங்களுக்குத்தான் எழுத்தறிவு இல்லைன்னு நெனப்பாங்க.

பாட்டு குறையாம கூடியிருந்தா அது வேற. கம்பராமாயணத்துல இது சகஜம், வெள்ளிப் பாட்டுன்னே பேரு. பிற்காலத்துல யாரோ ஆசையில எழுதிச் சொருகுனது. விட்டுருங்க, பதிப்பாசிரியருங்க மிகைப்பாடல்னு தனியா ஓரங்கட்டி வெச்சுக்குவாங்க.

அறிகுறி 3: எழுதுனவர் பேரு மாறிடுச்சு, இல்ல பேரே இல்ல

பதறாதீங்க. குறுந்தொகை 40-க்கும் 41-க்கும் எழுதுனவங்க பேரு எப்பவோ போயிருச்சு, பாட்டுல வந்த சொல்லையே பேரா வெச்சுட்டாங்க, செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார். செம்மண்ணுல பேஞ்ச மழைத் தண்ணியும், அணில் ஓடி வெளையாடுற முற்றமும் ஆளோட பேரா நின்னுடுச்சு. நெஜப் பேரு என்னன்னு கேட்டுட்டு வர்றேன்னு கெளம்பாதீங்க, கேட்டுட்டு வந்தா இந்தப் பேரு போயிரும், அதுவும் ஒரு அழிப்புதான்.

பேரு ஒரு புகழ்பெத்த ஆளுக்கு மாறியிருந்தாலும் சும்மா இருங்க. ஔவையாருன்னு எத்தன பேருன்னு இன்னமும் அடிச்சுக்குறாங்க.

அறிகுறி 4: கன்னியாகுமரி சிலை ஒரு அடி குட்டையாயிடுச்சு

சிரிக்காதீங்க, இது நல்ல மீட்டர். 2000 ஜனவரி 1-ல திறந்த வள்ளுவர் சிலை மொத்தம் 133 அடி, அதிகாரத்துக்கு ஒரு அடி. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலோட 38 அதிகாரம். மேல நிக்கிற சிலை 95 அடி, பொருட்பால் 70-ம் காமத்துப்பால் 25-ம். ஒரு அதிகாரம் முழுசாப் போனா எங்க குறையுதுன்னு வெச்சே எந்தப் பால்னு சொல்லிரலாம். பீடம் குறைஞ்சா அறம், சிலை குறைஞ்சா மிச்சம் ரெண்டுல ஒண்ணு, அதுக்கு மேல நீங்கதான் புரட்டணும்.

முதல்ல செய்ய வேண்டியது, டேப்ப நேராப் புடிச்சீங்களான்னு பாக்குறது. கடல் காத்துல டேப்பு வளையும், நான் ஒரு தடவ நட்புன்னு ஒரு அதிகாரமே போச்சுன்னு அலறி எல்லாரையும் கெளப்பி விட்டேன், பாத்தா டேப்பு கம்பியில சுத்தியிருந்துச்சு.

டேப்பு சரி, அளவு குறையுதுன்னா பஸ்ல ஏறுங்க. கவர்மென்ட் பஸ்ல குறள் எழுதுன பலகை இருக்கும், அது வெறும் பலகையா நிக்குதான்னு நாலு பஸ்ல பாருங்க. ஒரு பஸ்ல காலின்னா பெயின்ட் உரிஞ்சிருக்கும். நாலுலயும் காலின்னா சீனியருக்கு போன். குறளுக்கு உரை எழுதுனவங்க பத்துப் பேருன்னு சொல்லுவாங்க, அஞ்சு பேரு உரைதான் கையில இருக்கு, அந்த அஞ்சுலயும் ஒரே நேரத்துல ஓட்டை போடுறது சாதாரண ஆள் வேலை இல்ல. ஒண்டியாப் போகாதீங்க.

அறிகுறி 5: நூல் மொத்தமும் காணோம், பேரு மட்டும் ஞாபகம் இருக்கு

இதுல அவசரப்படாம தேடுனா வண்டி எடுக்காமலே பாதி நூல் திரும்பி வரும். தேட வேண்டிய எடம் மூணு.

ஒண்ணு, உரை. பழைய உரைக்காரருங்க மேற்கோள் அள்ளித் தெளிப்பாங்க, காணாமப்போன நூலோட வரி அங்க பத்திரமா உக்காந்திருக்கும். ரெண்டு, தொகை. சேர சோழ பாண்டியரப் பாடுன முத்தொள்ளாயிரத்துல இன்னிக்கு இருக்குற நூத்திச் சொச்சம் பாட்டுல பெரும்பாலும் புறத்திரட்டுங்குற தொகையில இருந்ததாலதான் இருக்கு, அந்தப் புறத்திரட்டத் தொகுத்த மனுசன் பேரு என்னன்னே தெரியாது. ஒரு தடவ முத்தொள்ளாயிரம் சுத்தமாக் காணாமப் போனப்ப அந்த ஆள் வீட்டுத் திண்ணையிலதான் கோளாறு, பாட்டெல்லாம் எழுதி வெச்ச கட்டு மேல யாரோ மோர்ச் சட்டிய வெச்சிருந்தாங்க. சட்டிய ரெண்டு அடி நகத்தி வெச்சேன், மூணு ராஜாவும் திரும்பி வந்தாங்க. அதுலேருந்து அந்தத் திண்ணையில எங்க ஆள் ஒருத்தர் எப்பவும் உக்காந்திருக்காரு, ஊர்க்காரங்க பிச்சைக்காரருன்னு நெனச்சு சோறு போடுறாங்க, அவருக்கும் ஒண்ணும் வருத்தம் இல்ல.

மூணாவது எடம்தான் யாரும் நெனைக்காதது, எதிராளி புத்தகம். குண்டலகேசிங்குற பௌத்த நூலத் திட்டி மறுக்குறதுக்குன்னே சமணர்ல ஒருத்தர் எழுதுனது நீலகேசி. அடிக்கப்பட்ட நூல் போச்சு, அடிச்ச நூல் இருக்கு, அதுக்குள்ள அடி வாங்குனவ என்ன சொன்னான்னு இருக்கு. சண்ட போட்டவனவிட நல்லா ஞாபகம் வெச்சிருக்குறவன் எவனும் இல்ல.

நூலுக்குள்ளயே சிட்டை இருக்கும், அதையும் பாருங்க. வைணவ ஆச்சாரியர் நாதமுனிகள் காட்டுமன்னார்கோயில்ல பத்துப் பாட்டு கேட்டாரு, கடைசியில "ஆயிரத்துள் இப்பத்தும்"னு வந்துச்சு. அந்த ஒரு சொல்ல வெச்சு மிச்சம் 990 எங்கடான்னு கெளம்புனவருதான், நம்மாழ்வார் ஊரான குருகூர் போயி அவரு சீடர் மதுரகவியோட பதினோரு பாட்டப் பன்னிரண்டாயிரம் தடவ சொல்லி, ஆயிரம் கேக்கப் போயி நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தோட வந்தாருன்னு குருபரம்பரைக் கதை. இந்த வழி நமக்கு ஒத்துவராது, தொண்டை தாங்காது, ஆனா கணக்குப் பாக்குற புத்தி அதுதான்.

இதெல்லாம் பாத்தும் ஒண்ணும் இல்லைன்னா வண்டிய எடுங்க. அங்க போனா காரணம் இந்த வரிசையில இருக்கும்.

யாரும் படியெடுக்கல. இதுதான் எப்பவும் முதல். ஓலைக்கு ஆயுசு கம்மி, நூறு எரநூறு வருசத்துக்கு ஒரு தடவ யாராவது உக்காந்து மறுபடி எழுதலன்னா தானாப் பொடியாயிரும், கெட்டவன் ஒருத்தனும் தேவையில்ல. சரி பண்றதுக்குக் காசு குடுத்து எழுதச் சொல்லாதீங்க, காசு எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க, நாணயத்துல தேதி மாறிப்போயி நான் ஒரு ராத்திரி காவல்ல இருந்திருக்கேன். அந்த ஊர்ப் பெரியவர் காதுல "பக்கத்து ஊரு மடத்துல இந்தப் பிரதி இருக்காமே, உங்ககிட்டதான் இல்லையாம், நேத்து பேசிச் சிரிச்சாங்க"ன்னு போட்டுட்டு நகந்துருங்க. ஒரு மாசத்துல ரெண்டு பிரதி ரெடி. பக்கத்து ஊர்லயும் போயி இதையே சொன்னா நாலு.

ஆத்துல போகுது. பழைய ஏட்ட ஆடிப்பெருக்குக்கு ஆத்துல விடுற வழக்கம் இருந்துச்சு, பக்தியாத்தான் செஞ்சாங்க, யாரும் வேணும்னு செய்யல. சம்பந்தர் ஏடு வைகையில எதிர்த்துப் போயி திருவேடகத்துல நின்ன கதையக் கேட்டுட்டு கரையில காத்துட்டிருக்காதீங்க, அது அவருக்கு. மத்த ஏடெல்லாம் தண்ணி போற பக்கம்தான் போகும். மொத நாள் ராத்திரியே பரண்ல ஏறி கட்ட மாத்தி வெச்சிரணும், பதிலுக்கு அதே நீளத்துல ஏதாவது பழைய கணக்கு ஓலை. என்ன கணக்குன்னு படிச்சுட்டு வைங்க. நான் படிக்காம வெச்சு ஒரு ஊர்ல பாதிப் பேரு கடன் ஆத்தோட போயிருச்சு, கடன் குடுத்தவர் தவிர எல்லாரும் அந்த வருசம் ஆடிப்பெருக்க அமோகமாக் கொண்டாடுனாங்க.

நெருப்பு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில்ல இருந்த ஏட்டத் தேடி உ.வே. சாமிநாதையர் போனப்ப, பழுதான ஏட்டையெல்லாம் ஆகுதி குடுத்துட்டோம்னு சொன்னாங்க, அவரே எழுதி வெச்சிருக்காரு. படிச்சா வயிறு எரியும், ஆனா அது ஃபேக்டரி செட்டிங், அதத் தொடக்கூடாது. நீங்க போன கேஸ்ல மட்டும் நெருப்பு புதுசா வந்திருந்தா, அது ரப்பர், அணைக்கப் போகாதீங்க, சீனியருக்குச் சொல்லுங்க.

இன்னொண்ணு, 1880-ல கும்பகோணம் பக்கம் வண்டிய நிறுத்தவே கூடாது. அந்த வருசம்தான் சேலம் ராமசாமி முதலியார் சாமிநாதையரப் பாத்து சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு கேட்டாரு, அந்தக் கேள்வியிலேருந்துதான் 1887-ல சிந்தாமணி அச்சு, 1889-ல பத்துப்பாட்டு, 1892-ல சிலப்பதிகாரம், 1894-ல புறநானூறு, 1898-ல மணிமேகலைன்னு வரிசையா வந்துச்சு. அந்த ரூம்ல ஒரு கொசு அதிகமாப் பறந்தாலும் ஆபத்து. உதவி பண்றேன்னு அவருக்கு நல்ல பிரதி கொண்டுபோயி வாசல்ல வைக்கிற வேலையும் வேணாம், ஊர் ஊரா அலைஞ்சதுலதான் அவருக்கு மத்த நூல் பேரெல்லாம் தெரிஞ்சுச்சு.

அறிகுறி 6: நூலும் இல்ல, பேரும் யாருக்கும் தெரியல, நீங்க மட்டும் பொலம்புறீங்க

முதல்ல தூங்கி எந்திரிச்சு மறுபடி கேளுங்க. வண்டியில அதிகம் போனவங்களுக்குப் படிச்சதும் கனாவும் கலக்கும்.

அப்புறமும் சந்தேகம்னா மேடைப் பேச்சு ஒண்ணுக்குப் போங்க. எந்தக் கட்சி, எந்த விழான்னு பாக்காதீங்க. அஞ்சு நிமிசத்துக்குள்ள பேசுறவரு ஒரு குறளோ "யாதும் ஊரே"வோ சொல்லணும். சொல்லாம நேரா விசயத்துக்கு வந்துட்டாருன்னா அது அவசரக் கேஸ், கணியன் பூங்குன்றனார் ஏதோ சிக்கல்ல இருக்காருன்னு அர்த்தம். ஒரு தடவ ஒரு கல்யாண வீட்டுல வாழ்த்துரைக்கு வந்தவர் "நல்லா இருங்க"ன்னு ரெண்டே வார்த்தையில எறங்கிட்டாரு, கூட்டம் கைதட்டுச்சு, எனக்கு மட்டும் அடிவயிறு கலங்கிருச்சு. புறநானூறத் தெறந்து "யாதும் ஊரே"யத் தேடுனா 191-க்கு அப்புறம் 193.

இந்த அறிகுறிக்கு நீங்களா ஒண்ணும் பண்ணாதீங்க. ஞாபகம் இருக்குறத உடனே எழுதி வண்டிக்குள்ள வெச்சிருங்க, வெளியில வெச்சா தாளும் மாறிடும், போன்ல இருக்குறதும் மாறிடும். அப்புறம் சீனியர். எந்த நேரமா இருந்தாலும்.

அறிகுறி 7: இருக்கக்கூடாத புத்தகம் அலமாரியில இருக்கு

இத யாரும் கம்ப்ளைன்ட் பண்றதில்ல, சந்தோசமா உக்காந்து படிச்சுட்டிருப்பாங்க. முழு வளையாபதி கண்ணுல பட்டா கிடைச்சதே பாக்கியம்னு இருக்காதீங்க, பக்கத்துல என்ன குறைஞ்சிருக்குன்னு பாருங்க. எப்பவும் ஏதாவது குறைஞ்சிருக்கும்.

காரணம் ஒண்ணே ஒண்ணுதான், நம்ம ஆளு எவனோ எடுத்துட்டு வந்துட்டான். எங்க கேஸ்ல அதே பையன். 19 பாட்டுக்குப் பதிலா குண்டலகேசி முழுசா ஒரு கட்டு, வேட்டிக்குள்ள சுருட்டி. நான் திட்ட ஆரம்பிக்கும்போதே நீலகேசி அலமாரியிலேருந்து மங்க ஆரம்பிச்சிருச்சு, எப்படின்னு கேக்காதீங்க, குண்டலகேசி கூட்டம் அந்தப் பிரதிய வெச்சு வாதத்துக்கு வாதம் பதில் எழுதிருப்பாங்களோ என்னமோ, இந்தப் பக்கம் ஒண்ணு ஏறுனா அந்தப் பக்கம் ஒண்ணு எறங்குது. அவன் அழுதான். "ஒரே ஒரு ராத்திரி வெச்சுக்கலாமாண்ணே." வெச்சுக்கிட்டோம், பொய் சொல்லல. வண்டிக்குள்ள லைட்டப் போட்டு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி படிச்சோம், எனக்குப் பாதி புரியல, அவனுக்கு முழுசும் புரியல, இருந்தும் விடியிற வரைக்கும் யாரும் எந்திரிக்கல.

இந்தக் கட்டத்துல படம் புடிக்காதீங்க, ஒரு பாட்டக்கூட எழுதி வெச்சுக்காதீங்க, 20-வது பாட்டு ஒண்ணு வெளியில வந்தாலே நீலகேசிக்கு ஜுரம் வந்துரும். எடுத்த எடத்துலயே, எடுத்த நாள்லயே, அவங்க கவனிக்கிறதுக்கு முன்னாடி திருப்பி வைக்கணும். வைக்கும்போது கட்டோட கயிறு எத்தன சுத்து இருந்துச்சு, முடிச்சு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு பாத்து அப்படியே போடுங்க. எங்க பையன் முடிச்ச எடப்பக்கம் போட்டுட்டு வந்துட்டான், அதுக்குன்னு தனியா ஒரு ட்ரிப்பு.